வாரத்தின் மறுபாதியையும் சொல்லுங்கள்: தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களே,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருவது என் தொழில். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிறவர்களில், எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தும் அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவதென்று தயங்குகிறவர்களும் என்னைத் தேடி வருவார்கள். பிறர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை இது. இந்த மடலை மட்டும் யாரும் கேட்காமல் நானாக எழுதுகிறேன்.

உங்களில் எவர் ஒருவரையும் குறிவைத்து இதை எழுதவில்லை. 39 தொகுதிகளிலும் ஒரு எம்.பி.யின் வாரம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வெளியே தெரிகிறது. முகூர்த்த நாளில் திருமண மண்டபங்கள், காதணி விழா, கோயில் கொடையில் பரிவட்டம், பள்ளி ஆண்டு விழாவில் பரிசளிப்பு, பயணியர் நிழற்குடைத் திறப்பு, சமுதாயக்கூடத்துக்கு அடிக்கல், மறைந்த கட்சிக்காரர் வீட்டில் துக்க விசாரிப்பு. எல்லாவற்றுக்கும் படம் உண்டு. அன்று மாலைக்குள் அது எங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதே மாதத்தில் நீங்கள் டெல்லியில் எந்த மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்கினீர்கள், எதை எதிர்த்தீர்கள், எந்தக் குழுவில் என்ன கேட்டீர்கள் என்பது மட்டும் எங்கள் தெருவுக்கு வந்து சேருவதில்லை. வாரத்தின் ஒரு பாதியைப் படமாகப் பார்க்கிறோம். மறுபாதியை, அது எங்கள் வாழ்க்கையை மாற்றிய பிறகே அறிந்துகொள்கிறோம். இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஊர் நிகழ்ச்சிகளை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஒரு துக்க வீட்டில் நீங்கள் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்தால், இறந்தவரின் காப்பீட்டுப் பணம் வங்கியில் ஏன் முடங்கிக் கிடக்கிறது என்பதை அந்தக் குடும்பம் தயக்கமில்லாமல் சொல்லிவிடும். எத்தனை மனு எழுதினாலும் அந்தப் பேச்சின் நேர்மை காகிதத்தில் வராது. ஆண்டு விழாவுக்குப் போன பள்ளியில் கூரை ஒழுகுவதை உங்கள் கண்ணே பார்த்துவிடும். மீனவக் குப்பத்துத் திருவிழாவில் டீசல் விலையும், கடலுக்குப் போய் இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டு நிலைமையும் காதில் விழும். டெல்லியில் பேச வேண்டியது முழுவதும் இங்கேதான் விளைகிறது. வராமலே இருக்கும் எம்.பி.யைவிட, எல்லா வீட்டு விசேஷத்துக்கும் வரும் எம்.பி. எங்களுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் வருகிறவரிடம் நாங்கள் என்ன கேட்கிறோம் என்று பாருங்கள். சாக்கடை அடைப்பு, பட்டா மாறுதல், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, தெருவிளக்கு. இவை ஊராட்சியும் வட்டாட்சியரும் மின்வாரியமும் செய்ய வேண்டியவை. நீங்களும் மறுக்காமல் லெட்டர்பேடில் ஒரு சிபாரிசுக் கடிதம் தருகிறீர்கள். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒதுக்கீடு 2022-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னமும் அந்தக் கடிதத்தைக் கேட்டு அலைகிற பெற்றோர் இருக்கிறார்கள். எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதே நேரத்தில் உண்மையிலேயே உங்களிடம் வரவேண்டிய குறைகள் வேறு வாசல்களில் தேங்கி நிற்கின்றன. எங்கள் பக்கம் பீடி சுற்றி ஓய்ந்த பெண்கள் அதிகம். முப்பது ஆண்டு சுற்றியவர்களுக்கும் பி.எஃப். ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. அந்தக் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் ஆயிரம் என்று வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அசையவில்லை. அரிசி விலை, மருந்து விலை, பஸ் கட்டணம் எல்லாம் அசைந்திருக்கின்றன. இந்தப் பெண்கள் ஆட்சியருக்கு மனு எழுதச் சொல்கிறார்கள். ஆட்சியரால் இதில் ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது என்று நான் சொன்னால், பிறகு யாருக்குத்தான் எழுதுவது என்று கேட்கிறார்கள். ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகத்துக்கு என்றால் அது எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அந்த அமைச்சகத்துக்கும் நடுவே மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரே ஆள் நீங்கள். போன மாதம் அவர்கள் தெருவில் கொடி ஏற்ற வந்தவரும் நீங்களே.

முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் திட்டத்தின்கீழ் வரும் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு அதில் டெல்லியின் பங்கு வெறும் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. மீதியை மாநிலம் போடுகிறது. இந்தக் கணக்கு எங்கள் வரிசையில் நிற்கும் எந்தப் பாட்டிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், அடுத்த முறை நீங்கள் வரும்போது சால்வையோடு அந்தக் கேள்வியும் வந்திருக்கும். அந்தக் கேள்வி உங்களுக்குச் சுமையாகாது, பலமாகும். அவையில் நீங்கள் எழுந்து நிற்கும்போது பின்னால் ஒரு தொகுதியே நிற்கும்.

2023 டிசம்பர் மூன்றாவது வாரத்தை நினைத்துப் பாருங்கள். பதினேழாம் தேதி தொடங்கிய மழை எங்கள் தென்மாவட்டங்களை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணிக் கரையில் வீடுகள், வாழைத் தோட்டங்கள், கால்நடைகள் எதுவும் மிஞ்சாத ஊர்கள் இருந்தன. ஒரு எம்.பி. தொகுதியில் இருந்தே ஆகவேண்டிய வாரம் அது.

அதே வாரத்தில் டெல்லியில் என்ன நடந்தது? டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் அந்நியர்கள் குதித்தது பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்காக, இரு அவைகளிலும் மொத்தம் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். எதிர்ப்பக்க இருக்கைகள் காலியாகக் கிடந்த அவையில், டிசம்பர் 20-இல் மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறின. 1860-இலிருந்து இருந்துவந்த இந்தியத் தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. தொலைத்தொடர்புச் சட்டமும் தேர்தல் ஆணையர் நியமனச் சட்டமும் அதே வாரத்தில் முடிந்தன. இங்கே நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற நாள்களில், அங்கே நாட்டின் தண்டனைச் சட்டமே மாறியது. எங்களில் பெரும்பாலோருக்கு அது மாதக்கணக்கில் தெரியாது.

அது என் மேசைக்கு 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்தது. மோசடிப் புகார் என்றால் 420 என்று எழுதிப் பழகிய கைக்கு 318 என்று மாற்றி எழுத வேண்டியிருந்தது. கொலைக்கு 302 இல்லை, 103. திருட்டுக்கு 379 இல்லை, 303. தடை உத்தரவு என்றதும் எல்லோர் வாயிலும் வரும் 144 இப்போது 163. எண் மாறியதை எங்களைப் போன்றவர்கள் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டோம். எண்ணுக்குப் பின்னால் மாறியிருப்பதுதான் கவலை தருகிறது.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, முகாந்திரம் இருக்கிறதா என்று 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது அது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும், முதற்கட்ட விசாரணை சில வகை வழக்குகளில் மட்டுமே என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருந்தது. மோட்டார் பம்புசெட் திருட்டு, ஏலச்சீட்டு நடத்தியவர் நம்பிக்கை மோசடி செய்தது என்று ஏழைகள் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்று முதல் ஏழு ஆண்டு வரம்புக்குள் வருகிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காத்திருப்பது ஏற்கெனவே எங்கள் பழக்கம். இப்போது சட்டமே பதினான்கு நாள் இடம் கொடுக்கிறது.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், மின்னணு வழியில் அனுப்பிய புகாருக்கு மூன்று நாள்களுக்குள் போய்க் கையெழுத்திடலாம் என்பவை போல நல்ல மாற்றங்களும் அதே பிரிவில் இருக்கின்றன. இரண்டையும் எவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்கள்? வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு நடத்தினார்கள். செய்தித்தாள்கள் சில கட்டுரைகள் போட்டன. தொகுதி எம்.பி. ஒருவர் தெருமுனையில் நின்று, "இந்தச் சட்டம் வந்திருக்கிறது, உங்களுக்கு இது கிடைத்தது, இது போனது, நான் இன்ன காரணத்துக்காக எதிர்த்தேன்" என்று விளக்கியதை எங்கள் ஊரில் எவரும் கேட்கவில்லை.

இடைநீக்கம் செய்யப்பட்டதால் பேச முடியவில்லை என்பது நியாயமான பதில். ஆனால் அவையில் பேச முடியாதவருக்கு ஊரில் பேச எந்தத் தடையும் கிடையாது. 2024 தேர்தலில் 39 இடங்களையும் ஒரே அணிக்குக் கொடுத்தோம். அந்த அணி டெல்லியில் எதிர்வரிசையில் உட்கார்ந்தது. எதிர்வரிசைக்கு எண்ணிக்கை துணை நிற்காது. மக்களுக்கு விஷயம் தெரிந்திருப்பதுதான் துணை நிற்கும். விவசாயச் சட்டங்கள் 2020 செப்டம்பரில் நிறைவேறியபோது அவையில் எதிர்ப்பு எடுபடவில்லை. பஞ்சாபின் கிராமங்களில் ஒவ்வொரு விவசாயிக்கும் அந்தச் சட்டம் என்ன சொல்கிறதென்று தெரிந்திருந்தது. டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறும் மசோதாவையும் விவாதமே இல்லாமல்தான் நிறைவேற்றினார்கள் என்பது தனி வேதனை.

நாடாளுமன்றம் கூடும் நாள்களே சுருங்கிவிட்டதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை 55 நாள். பதினைந்தாவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. பதினேழாவதில் 16 சதவீதம். 2023 மார்ச்சில் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் மக்களவையில் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறியது. எங்கள் ஊராட்சியில் பத்து லட்சம் ரூபாய் சிமென்ட் சாலைக்குக்கூட அதைவிட நீண்ட வாக்குவாதம் நடக்கும்.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிட எங்கள் வயிற்றோடு சம்பந்தப்பட்ட வேறு சட்டம் இல்லை. 2005-இல் வந்த சட்டத்தை நீக்கிவிட்டு, புதிய பெயரில் புதிய சட்டம். அறிமுகமான அதே வாரத்தில் இரு அவைகளிலும் நிறைவேறியது. நிலைக்குழுவுக்கு அனுப்பக் கேட்டீர்கள், அனுப்பவில்லை. நூறு நாள் 125 நாள் ஆகிறது என்ற ஒரு வரி மட்டும் எங்கள் ஊருக்கு வேகமாக வந்து சேர்ந்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். உடலுழைப்புக் கூலியை முழுவதும் ஒன்றிய அரசு தந்துவந்த ஏற்பாடு போய், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும் என்பதும், விவசாய வேலை மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள்வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்பதும் வந்து சேரவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்ட ஊரில், அந்த அறுபது நாளில் கூலிக்காரப் பெண் எங்கே போவாள்? நீங்கள் அவையில் எதிர்த்தீர்கள், வெளியே முழக்கமிட்டீர்கள், அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வேலை அட்டை வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் வரப்போரத்தில் அந்தச் சட்டத்தின் உட்பிரிவுகளைப் படித்துக் காட்டியிருந்தால், நூற்றுக்கணக்கான தபால் அட்டைகள் எங்கள் ஊரிலிருந்தே போயிருக்கும். எழுத நான் இருக்கிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த நேரம் பெரிதும் தொகுதி மேம்பாட்டு நிதியைச் சுற்றிக் கரைகிறது என்பது என் எண்ணம். 1993-இல் தொடங்கிய அந்த நிதி இப்போது ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு ஐந்து கோடி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் ஆண்டுக்கு மூன்று கோடி. ஆறு பேருக்கும் சேர்த்துப் பதினெட்டு கோடி. நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, சமுதாயக்கூடம் ஆகியவற்றை அந்தப் பதினெட்டு கோடியிலும் கட்டலாம். ஆனால் மக்களவையில் கையை உயர்த்துகிற உரிமை அந்த ஆறு பேரில் எவருக்கும் இல்லை. உங்கள் ஒருவருக்குத்தான் உண்டு. இரா. செழியன் போன்ற மூத்த நாடாளுமன்றவாதி இந்த நிதியே கூடாது என்று கடைசிவரை வாதாடினார். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் ஒப்பந்தப் பணிகளில் சிக்கிக்கொள்வார் என்று அஞ்சினார். நிதியை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். எங்கள் அரசு மருத்துவமனைக்கு அதிலிருந்து வந்த கருவிகள் உயிர் காத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பணிக்கும் பூமி பூஜைக்கு ஒரு நாள், திறப்புக்கு ஒரு நாள் என்று உங்களை நாங்கள் இழப்பது வேண்டாம். ஊராட்சியின் மூத்த தூய்மைப் பணியாளரைக் கொண்டு நாடாவை வெட்டச் சொல்லுங்கள். கட்டடம் அப்போதும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை பற்றியும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். அதே பிற்பகலில்தான் சென்னைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் விமானம் பிடிக்கும் அவசரமும். மறுநாள் முகூர்த்தம் இருக்கும், ஞாயிறு கட்சிக் கூட்டம் இருக்கும். 2015 ஏப்ரல் 24 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நாட்டிலேயே முதலில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்த மாநிலத்திலிருந்து போன குரல், வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு பிற்பகலில் அவையை அசைத்துக் காட்டியது. அந்த மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை; அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் மீது குறைகள் உண்டு. ஆனாலும் அதற்கான கதவு அந்த வெள்ளிக்கிழமையில்தான் திறந்தது. பீடிப் பெண்களின் ஆயிரம் ரூபாய்க்காக உங்களில் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை டெல்லியில் தங்கினால், மறுநாள் திருமணத்துக்கு நீங்கள் வராததை அந்தக் குடும்பம் நிச்சயம் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காவிட்டால் நாங்கள் எடுத்துச் சொல்கிறோம்.

இதில் எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. விசேஷத்துக்கு வராத எம்.பி.யை "ஜெயித்ததும் மறந்துவிட்டார்" என்று பேசுகிறோம். அழைப்பிதழில் பெயர் போட்டுவிட்டு, வராவிட்டால் சாதியையும் கட்சியையும் இழுக்கிறோம். வாக்கெடுப்பில் வராதவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. தேர்தலில் ஓட்டுக் கேட்க வந்தபோது நாங்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் ரயில் நிறுத்தமும் பாலமும் இருந்தன. ஒரு சட்டத்தின் பெயர்கூட இல்லை. என் வாடிக்கையாளர்களிடமும் தெருக்காரர்களிடமும் இதைத் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பவை புதிய செலவு பிடிப்பவை அல்ல. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு முறையும் ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். முந்தைய கூட்டத்தொடரில் நிறைவேறிய சட்டங்களில் எங்களைத் தொடுகிற இரண்டை எடுத்துத் தமிழில் விளக்குங்கள். மேடை வேண்டாம், பேனர் வேண்டாம். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. அதனால் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதை உங்கள் வாயால் கேட்பதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. கட்சிக் கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வாக்களித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். புரிந்துகொள்வோம்.

நீங்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் பதிலைத் தமிழில் தட்டச்சு செய்து தொகுதி அலுவலகத்தின் நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். அதிகாரியின் முன்னால் நீட்டும் மனுவோடு அமைச்சரின் பதில் நகல் ஒன்று இணைந்திருந்தால் அந்த மனு நடத்தப்படும் விதமே வேறு. உங்கள் அலுவலகச் செலவுக்கு மாதம் 75,000 ரூபாயும், தொகுதிப்படியாக 87,000 ரூபாயும் நாடாளுமன்றம் தருகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள அது போதும். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு நீங்கள் தலைவர் அல்லது இணைத் தலைவர். ஒன்றிய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று அதிகாரிகளை நிற்கவைத்துக் கேட்கும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வெளியிடுங்கள். ஆட்சியருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் படம் மட்டுமே இப்போது வருகிறது.

மக்கள்தொகைப்படி இடங்களைப் பங்கிடும் தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்து 39 என்ற எண்ணைக் காப்பாற்றத் தமிழ்நாடு குரல் கொடுக்கிறது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. 1967-இல் 41 இடங்கள் 39 ஆகக் குறைந்ததை மறக்காத மாநிலம் இது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்காக ஓர் இடம்கூட இழக்கக் கூடாது என்ற நியாயத்தில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் என்னிடம் மனு எழுத வரும் பெண்ணிடம் "உங்களுக்காக டெல்லியில் ஓர் இருக்கை இருக்கிறது, அது குறையப் போகிறது" என்று சொன்னால், "அந்த இருக்கை இதுவரை எனக்கு என்ன செய்தது?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. பதில் கிடைத்துவிட்டால், எண்ணிக்கைக்கான போராட்டத்தில் அவளும் வந்து நிற்பாள்.

கடைசியாக, என் தொழிலை ஒட்டிய வேண்டுகோள் ஒன்று. நாடாளுமன்றக் குழுக்கள் ஒரு மசோதாவை ஆராயும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வெளியிடுவது உண்டு. எங்கள் ஊரில் அதை எவரும் பார்த்ததில்லை. உங்களில் பலர் அந்தக் குழுக்களில் உறுப்பினர்கள். இனி அப்படி அறிவிப்பு வரும்போது, அதைத் தமிழில் நான்கு வரியாக்கி, கடைசித் தேதியோடு, விழாப் படங்களை அனுப்பும் அதே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புங்கள். பீடி சுற்றுகிறவர், கூலிக்காரர், மீனவர், சிறுகடைக்காரர் என யாராக இருந்தாலும், அந்தக் குழுவுக்கு அனுப்பும் கருத்து மனுவை ஒரு ரூபாய் வாங்காமல் எழுதித் தருகிறேன். எங்கள் வாசலில் இந்தத் தொழில் செய்யும் மற்றவர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். அறிவிப்பு உங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாக்காளர்களில் ஒருவன்,
ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதுபவன்